மண்ணுன்னா மண்ணா?

போடியில் யாரும் மணல் என்று சொல்லமாட்டோம். அந்தச் சொல் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும், வாசிப்போம், மூடிவைப்போம். வீடு கட்டுகிறவன் ஒரு லோடு மண்ணு அடிக்கச் சொல்வான். லாரிக்காரன் ஆற்றில் இறங்கி மண்ணு ஏற்றுவான். கொத்தனார் ஒரு சட்டி சிமெண்டுக்கு இத்தனை சட்டி மண்ணு என்பார். அது எல்லாமே மணல்தான். வயலில் கிடப்பதும் மண்ணுதான், சுவர் வைக்கக் குழைப்பதும் மண்ணுதான், ஜீப்பு போனால் பின்னால் பறப்பதும் மண்ணுதான். எந்த மண்ணு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நிற்கிற இடத்தையும் பேசுகிற காரியத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் குழம்பிப்போனவன் என்று ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை, கோர்ட்டுக்குப் போகும்வரை.

போனது என் அக்கா. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பெண்கள். அப்பா சாவதற்கு முன்பே பங்கு பிரித்துவிட்டார்: எனக்குப் படிப்பு, அவளுக்கு நிலம். ஊருக்கு மேற்கே கொட்டகுடி ஆற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நஞ்சை, வரப்போரம் நாலைந்து தென்னை. அத்தான் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் மேஸ்திரி வேலைக்கு ஏறினவர். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு கீழே இறங்குவதை மறந்துபோனார். அக்கா அதற்காக அழுததை நான் பார்த்ததில்லை. "போனாப் போறாரு. வயக்காடு இருக்குல்ல" என்பாள். புருஷன் விட்டுப்போன பொம்பளையை ஊர் எப்படிப் பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பேரில் நிலம் இருந்ததால் அப்படிப் பேசவில்லை. கூலிக்கு ஆள் கூப்பிடுகிற இடத்தில் அவள் இருந்தாள். கல்யாண வீட்டில் அவளை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நிலம் போனால் அவளுக்கு எதெல்லாம் போகும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு ஐப்பசியில் மலை மேல் விடாமல் பெய்தது. கீழே எங்களுக்கு வெறும் தூறல். ஆறு மட்டும் காட்டுமரங்களையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வந்து கரையை உடைத்தது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் வயலே இல்லை. நட்டு ஒரு மாதம் ஆன நெல், வரப்பு, வாய்க்கால், கிணற்றின் கைப்பிடிச் சுவர் எல்லாம் உள்ளே போய், முழங்காலுக்கு மேல் வெள்ளை வெளேரென்று ஆற்று மண்ணு பரந்து கிடந்தது. அழகாக வேறு இருந்தது, சனியன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கூடை எடுத்து ஒரு நாள் அள்ளிப் பார்த்தாள். வீட்டுக் குப்பையா அது, ஒருத்தி கூடையில் அள்ளித் தீர்க்க? நான் பஸ்சில் போகிற தூரத்தில், வேறொரு ஊரில், வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலையில் இருந்தேன். விடுப்புப் போட்டு வந்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்த வெள்ளைப் பரப்பில் நின்றுகொண்டிருந்தபோதுதான் லாரிக்காரர் வந்தார்.

அவர் எங்களுக்கு ஏதோ ஒரு வகையில் அண்ணன் முறை. ஆற்றில் மண்ணு அள்ளி விற்பது தொழில், ராசிங்காபுரம் போகிற ரோட்டில் ஒரு செங்கல் சூளையும் வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

"ஏந்தங்கச்சி, இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற? மண்ணை நான் அள்ளிக்கிறேன். எனக்குக் கூலியும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு லோடு ஆச்சு, உனக்கு வயலு ஆச்சு."

அக்காவுக்கு உயிர் வந்தது. "அள்ளிக்கங்கண்ணே. மண்ணைப் பூராம் அள்ளிக்கங்க. வெரசா அள்ளிட்டீகன்னா தைக்குள்ள ஏதாச்சும் போட்டுருவேன்" என்றாள்.

இவ்வளவுதான் பேச்சு. பக்கத்து வயல்காரர் ஒருவரும் டீக்கடைக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணனிடம் போய் எந்த மண்ணு, எவ்வளவு ஆழம் என்று எவள் பேசுவாள்? கால் புதைந்து நிற்பதே அந்த மண்ணில். அதைத்தான் சொல்கிறாள் என்பது அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தப் போகம் போய்விட்டதால் அக்கா சும்மா இருக்கவில்லை. எஸ்டேட் ஜீப்பு ஏறி மலைக்குப் போனாள். காய் எடுக்கிற பருவம், கூலிக்காரர்கள் இருக்கிற லயத்தில் தங்கி மார்கழி முடியும்வரை ஏலக்காய் எடுத்தாள். அத்தான் இருக்கிற எஸ்டேட்டுக்கு அடுத்த எஸ்டேட். அவரை ஒருமுறை தூரத்தில் பார்த்தாளாம், பார்க்காத மாதிரி காய் எடுத்தாளாம். அட்டைக்கடியோடும் குளிரோடும் இருந்து வந்ததெல்லாம் விதைநெல்லுக்கு. அதைச் சொல்லும்போதும் அவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. இறங்கி வந்த அன்றைக்கு நேராக வயலுக்குப் போயிருக்கிறாள். எனக்கு ஆள் சொல்லி விட்டாள், நான் மறுநாள் வந்தேன்.

வயல் இருந்த இடத்தில் குழி இருந்தது. குழி என்றால் சின்னக் குழி இல்லை, லாரி இறங்கி ஏறுகிற சரிவோடு, உள்ளே நிற்கிற ஆள் தலை வெளியே தெரியாத ஆழத்தில். வெள்ளம் கொண்டுவந்ததை அள்ளியபின் கை ஓயவில்லை. அதற்குக் கீழே இருந்தது எங்கள் வயல். அப்பாவும் அவருடைய அப்பாவும் ஆட்டுக்கிடை போட்டும் கண்மாய் வண்டலான கரம்பை அடித்தும் கறுப்பாக்கின மண். அது சூளைக்குப் போயிருந்தது. செங்கலுக்கு அப்படிப்பட்ட மண் கிடைக்காதாம், பிற்பாடு ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். அதற்கும் கீழே செவல் மண், அதையும் விடவில்லை. சரளை தட்டி ஊற்று கசியத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தியிருந்தார்கள். ஓரத்துத் தென்னை ஒன்று வேர் தொங்கச் சாய்ந்து கிடந்தது. அக்கா குழிக்குள் இறங்கி நின்று, வெட்டின சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். ஏறி வா என்று நான் கத்தினேன். காதில் விழாத மாதிரி நின்றாள்.

அன்று சாயங்காலம் லாரிக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார்.

"நீதான தங்கச்சி மண்ணை அள்ளிக்கங்கன்னு சொன்ன?"

"ஏண்ணே, மண்ணுன்னா மண்ணா?" என்றாள் அக்கா.

"மண்ணுன்னா மண்ணு இல்லாம வேற என்னத்தா? பூராம்னு வேற சொன்ன. நாலு பேரு கேட்டாகள்ல."

அக்கா சொன்னதைத்தான் அவர் சொல்கிறார், ஒரு சொல் கூட்டவில்லை குறைக்கவில்லை. இப்படி ஒரு திருட்டை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரியின் வாயிலிருந்தே சாவியை எடுத்துத் திறந்துகொண்டு போனான் அந்த ஆள். இனிமேல் அவர் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், முறை அண்ணன் அல்லவா.

நான் வேலை பார்த்த வக்கீல் நல்லவர். கேட்டுவிட்டு, வழக்குப் போடலாம் என்றார். போடுவதற்கு முன்பே தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தது, அதுவும் அக்காவைத் தேடி. ஆற்று மணல் சிறு கனிமமாம், அது அரசாங்கச் சொத்தாம், அனுமதி இல்லாமல் அதை அள்ளிப் போக விட்டதற்கு அவள் பேரில் அபராதமாம். யார் மொட்டைக் கடுதாசி போட்டார்களோ, லாரிக்காரரே போட்டாரோ, அந்த விசாரணைக்கு இப்போது போக எனக்குத் தெம்பில்லை. ஊருக்குள் யாருமே சொல்லாத மணல் என்ற சொல் அப்படித்தான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தது, அபராதத்தோடு.

"அவ நெலத்துல வந்து விழுந்தது அவளுது இல்லையா சார்?" என்று வக்கீலிடம் கேட்டேன்.

"ஆறு கொஞ்சம் கொஞ்சமா, பல வருஷமா கொண்டுவந்து சேர்த்தா அது நிலத்துக்காரருக்குச் சேரும்னு ஒரு கணக்கு இருக்கும்மா. ஒரே நாள்ல வெள்ளத்துல கொட்டினா அது வேற கணக்கு" என்றார்.

ஆற்றுக்கும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் போல. நிதானமாக, கண்ணுக்குத் தெரியாமல் வந்திருந்தால் சொந்தமாகியிருக்கும், அவசரப்பட்டு ஒரேயடியாக வந்ததால் கெட்டுப்போனது. மனிதர்கள் நிலத்தைச் சேர்க்கிற விதத்தைப் பார்த்து எழுதின சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு எண்பதுகளுக்குள் இழுத்துக்கொண்டு போனது. வாய்தா, வாய்தா. வயல் போனபின் அக்கா மறுபடியும் காய் எடுக்க மலைக்கே போயிருந்தாள். அக்கா ஒவ்வொரு தடவையும் மலையிலிருந்து இறங்கி, சேலை மாற்றிக்கொண்டு, பஸ்சில் வருவாள். சாயங்காலம் திரும்பி ஜீப்புக்கு ஓடுவாள். குழியில் கோரை முளைத்து, பிறகு தண்ணீர் நின்று, எருமைகள் படுத்தன. ஆனாலும் அவள் விடவில்லை. தீர்ப்பு வந்தால் அந்த ஆளே கண்மாய் மண்ணு அடித்து நிரப்பித் தரவேண்டும், நிரப்பினால் ஒரு வருஷம் கொளுஞ்சித் தழை போட்டு மிதித்துவிட்டு நெல் நடலாம் என்று எனக்குக் கணக்குச் சொல்வாள்.

கூண்டில் முதலில் ஏறினது லாரிக்காரர். என்ன தொழில் என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"மணல் வியாபாரம்ங்க" என்றார்.

நான் அதிர்ந்துபோய் நிமிர்ந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து மண்ணு லோடு மண்ணு லோடு என்று கத்தின வாய், அழகாக, கொஞ்சமும் தடுக்காமல் மணல் என்றது. யாரோ சொல்லிக்கொடுத்து, வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "மணல் வேற, மண் வேறங்க. அந்தம்மா மணலைச் சொல்லியிருந்தா நான் மணலோட நிறுத்தியிருப்பேன். மண்ணைப் பூராவும்னு சொன்னதாலதான் அள்ளினேன்" என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணலைக் கயிறாகத் திரிப்பது என்று சொல்வோமே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அக்கா ஏறினாள். எதிர்க்கட்சி வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மண்ணை அள்ளிக்கச் சொன்னீங்களாம்மா?"

"சொன்னேங்க."

"மணலைன்னு சொன்னீங்களா, மண்ணைன்னு சொன்னீங்களா?"

"மண்ணுன்னுதாங்க சொல்லுவோம். ஆத்து மண்ணு."

"அன்னைக்கு ஆத்து மண்ணுன்னு சொன்னீங்களா, வெறும் மண்ணுன்னு சொன்னீங்களா?"

"மண்ணுன்னு சொன்னேன். நிக்கிறதே அது மேலதான, அதுக்குப் பேரு வேற சொல்லணுமாக்கும்?"

கோர்ட்டில் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தாள், தன் பக்கம் நியாயத்தைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு.

அவள் சொன்னதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்கள். நகலை நான் பிற்பாடு வாசித்தேன். அதில் மண்ணுக்கு 'எர்த்' என்று போட்டிருந்தது. எர்த் என்றால் பூமி என்றும் அர்த்தம் உண்டு. ரிக்கார்டுப்படி என் அக்கா, ஒரு காலை நேரத்தில், டீக்கடைக்காரர் முன்னிலையில், பூமியையே அள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். நானும் சாட்சி சொன்னேன். கூடப்பிறந்தவள், வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவள், கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்று தள்ளிவிட்டார்கள். டீக்கடைக்காரர் உண்மையைத்தான் சொன்னார். மண்ணைப் பூராம் அள்ளிக்கங்க என்று சொன்னதாகச் சொன்னார். பொய்சாட்சி யாரும் சொல்லவில்லை என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பொய் கூட இல்லாமல் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு ஒரு மாசி மாதம் வந்தது. தள்ளுபடி. மேலே கிடந்த மணல் அவளுக்குச் சொந்தமில்லை, ஆகவே அதைப் பற்றிக் கேட்க அவளுக்கு உரிமையில்லை. கீழே இருந்த மண் அவளுக்குச் சொந்தம், ஆகவே அதை அவள் மனதாரக் கொடுத்தது செல்லும். நீதிபதி குரலை உயர்த்தாமல், எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வாசித்தார். கெட்ட மனிதர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

"மேல வந்தது என்னுது இல்லையாம், கீழ இருந்தத நானே குடுத்துட்டனாம். அப்ப நான் எதுலடி நின்னேன்?" என்று வராந்தாவில் கேட்டாள். மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார். போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். வழக்கில் தோற்றவர்கள் மண்ணைக் கவ்வினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கவ்வுவதற்கும் எங்களுக்கு மண் மிச்சம் வைக்கவில்லை.

போடியில் பஸ்சு விட்டு இறங்கினதும் அக்கா ஜீப்பு நிற்கிற பக்கம் போகவில்லை. எங்கே என்று கேட்டதற்கும் நிற்காமல் நடந்தாள். லாரிக்காரர் தெருவுக்குள் திரும்பினபோதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் வயிறெரிந்த பொம்பளைக்கு ஒரு வழி உண்டு. எதிராளி வாசலில் நின்று, கீழே இருக்கிற மண்ணை இரண்டு கையாலும் வாரி, வீட்டைப் பார்த்துத் தூற்றுவாள். தூற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். போலீசுக்குப் பயப்படாதவனும், கோர்ட்டுக்குப் பயப்படாதவனும் இதற்குப் பயப்படுவான். மண்ணை வாரித் தூற்றிய வீட்டில் பொண்ணெடுக்க யோசிப்பார்கள். நான் படித்தவள், தடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். தடுக்கவில்லை. நன்றாகத் தூற்றட்டும் என்றுதான் கூடவே போனேன், எனக்கும் தைரியம் இருந்தால் ஒரு கை வாரியிருப்பேன்.

அவர் வீட்டுக்கு மேலே மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கல்லும் கம்பியும், மலை மாதிரி குவித்த ஆற்று மண்ணும் கிடந்தன. தெருவையே அடைத்துக் கொட்டியிருந்ததால் வேறு எங்கும் கால் வைக்க இடமில்லை. லாரிக்காரரின் மனைவி வாசலுக்கு வந்தவள், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா முகத்தைப் பார்த்தவளுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, வேணாங்க்கா, பிள்ளைக இருக்குக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அக்கா குனிந்தாள். இரண்டு கையையும் குவியலுக்குள் விட்டு வாரினாள். தலைக்கு மேலே தூக்கினாள். வாய் திறந்தது.

கை மேலேயே நின்றது. விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டி அவள் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கண்ணில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. கூண்டில் நின்றபோதுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏண்டி," என்றாள், "இது மண்ணா, மணலா?"

நானும் குனிந்து குவியலைப் பார்த்தேன்.

"நீ படிச்சவதான, சொல்லு. மண்ணைத் தூத்துறேன்னு சொல்லி இதத் தூத்துனா செல்லுமா? இல்ல மணலுன்னு சொல்லணுமா? நான் ஒண்ணச் சொல்ல, சாமி வேற ஒண்ணா எழுதிக்கிருச்சுன்னா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். சாபம் விடுவதற்குக்கூட சொந்த வாயை நம்ப முடியாமல் என் அக்காவை ஆக்கிவிட்டார்கள். நிலத்தை எடுத்ததை நான் ஒருவேளை மன்னித்திருப்பேன், இதை மன்னிக்கமாட்டேன்.

அவள் கையில் மிச்சமிருந்ததைக் குவியலிலேயே போட்டாள். தலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கும்பிட்டபடி நின்ற அந்தப் பொம்பளையிடம், "ஒண்ணும் சொல்லலத்தா, உள்ள போ" என்றாள். பிறகு சோலி கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஜீப்பு கிளம்புவதற்குள் போய்ச் சேர வேகமாக நடந்தாள்.